ஏன் மேடமும் நேர்மைக் குழுவும்

நேர்மை உறுதிமொழி எடுத்துக்கொண்ட அந்தக் காலையில் கல்லூரி அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல்வர் மேடையில் நின்று ஒவ்வொரு வரியாக வாசிக்க, மாணவர்கள் வலது கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள். பிறர் எழுதியதை என்னுடையது என்று சொல்ல மாட்டேன் என்றார் முதல்வர். கூட்டமும் மாட்டேன் என்றது. பிறர் உழைப்பைத் திருட மாட்டேன் என்றார். மாட்டேன். கடைசி வரியைச் சற்றுக் குரல் உயர்த்தியே வாசித்தார்: "நமது மகளிர் கல்லூரியின் மாணவியாகிய நான், உண்மை ஒன்றையே எழுதுவேன்."

ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் கல்லூரி அது. தாடி வைத்த பையன்களெல்லாம் கட்டைக் குரலில், "நமது மகளிர் கல்லூரியின் மாணவியாகிய நான்" என்று முழங்கினார்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஆசிரியர்களும் அதையே சொல்லிவிட்டுக் கையை இறக்கினார்கள். பொருளாதாரத் துறை வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திப் பார்த்தார். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஏன் மேடம். வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பார். சரியான பதில் சொன்னவனையும் விடமாட்டார். "விலை ஏறினா வாங்குறது குறையும் மேடம்" என்று ஒருவன் சொன்னால், "ஏன்? உங்க வீட்டுல குறைஞ்சுதா?" என்பார். அவன் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்துதான் தப்பிக்க முடியும்.

உறுதிமொழி முடிந்த கையோடு முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது.

"எல்லார் முன்னாடியும் சிரிக்கிறீங்க. உங்களுக்கு இது விளையாட்டா இருக்கா மேடம்?"

"விளையாட்டு இல்ல சார். திருட மாட்டேன்ற உறுதிமொழியையே எங்கேயோ சுட்டுக்கிட்டு வந்திருக்கோம். சிரிக்காம என்ன பண்ண?"

முதல்வர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். கல்லூரியைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, அதற்குள் எல்லாம் இருப்பதாகக் காட்டியாக வேண்டும் என்கிற பயத்திலேயே தலைமுடியை இழந்தவர். "ஆபீஸ்ல யாரோ தப்பா டவுன்லோட் பண்ணிட்டாங்க. குறை சொல்றது ஈஸி. நேர்மைக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிக்கணும். நீங்களே எடுத்து நடத்திக் காட்டுங்க, பாப்போம்."

அவர் அதைத் தண்டனையாகத்தான் தலையில் கட்டினார். ஏன் மேடம் அதை வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டார். அங்கேதான் எல்லோருக்கும் தலைவலி ஆரம்பித்தது.

அவருடைய பிறவிக் குணமே அப்படி என்று வீட்டில் சொல்வார்கள். அப்பா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாட்களில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போனவர். சொந்த ஊர் அணி கோல் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, பந்து கையில் பட்டது, கோல் இல்லை என்று விசில் ஊதிவிட்டு, கல்லெறி வாங்கி நெற்றியில் தையலோடு வீடு திரும்பியவர். மகளுக்கு அப்பாவின் மூக்கு வரவில்லை, பிடிவாதம் அப்படியே வந்திருந்தது. நிறைய புத்திசாலித்தனமும் கொஞ்சம் வாய்த்துடுக்கும் சேர்ந்தவர். சமையல் சுமார்தான். அதைப் பற்றி யாராவது பேசினால், "பசிச்சா ருசிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். கல்லூரி வாசலுக்கு எதிரே அவர் கணவருடைய ஜெராக்ஸ் கடை இருந்தது. அச்சடிப்பது, பைண்டிங் போடுவது, லேமினேஷன் எல்லாம் உண்டு. கணவரின் தங்கைதான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பாள். காலையில் மூவரும் ஒன்றாகத்தான் வீட்டிலிருந்து கிளம்புவார்கள்.

குழுவின் முதல் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் தேநீருக்காக வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். காப்பியடிக்கும் பையன்களைப் பிடிக்கப் புதிய மென்பொருள் வாங்கப்போகிறார்கள், அதைப் பற்றிப் பேச்சு இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஏன் மேடம் ஆளுக்கு நாலு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

"நீங்க கடைசியாக் குடுத்த அசைன்மென்ட் ஞாபகம் இருக்கா? அதை நீங்களே எழுதுங்க. நானும் எழுதறேன். போனைத் தொடக்கூடாது."

சலசலப்பு எழுந்தது. வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒலிபெருக்கி இல்லாமலேயே மூன்றாவது மாடிக்குக் கேட்கும் குரல், அதனால் மைக் சார் என்று பெயர். அவர் மாணவர்களுக்குக் கொடுத்த கேள்வி, உலகப் போரின் காரணங்களை விவரி. ஒரு பக்கம் எழுதினார். பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பக்கத்தில் வணிகவியல் துறைத் தலைவர் மேசைக்கு அடியில் போனைத் திறந்துவிட்டார். கல்லூரியில் எந்தக் குழு அமைத்தாலும் அதில் அவர் இருப்பார், அதனால் அவருக்குக் கமிட்டி சார் என்று பெயர். ஏன் மேடமும் தன் கேள்வியோடு மல்லுக்கட்டினார். வங்கிகளின் வகைகளைப் பட்டியலிடுக. நாலாவது வகைக்கு வருவதற்குள் அவருக்கே கொட்டாவி வந்தது.

"என்ன சார், நிறுத்திட்டீங்க?" என்று மைக் சாரைக் கேட்டார்.

"போரடிக்குது மேடம்" என்றார் அவர், மூன்றாவது மாடிக்குக் கேட்கும்படி. "வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து இதே கேள்வியைத்தான் குடுக்கறேன். ஒரு தடவைகூட நான் எழுதிப் பாத்ததில்ல."

"எனக்கும் கொட்டாவிதான் வந்துது. கேள்வி கேட்ட நமக்கே கை போனுக்குப் போகுதே, பசங்களை என்ன சொல்லித் திட்டறது? முதல்ல கேள்வியை மாத்துவோம். பையன் வீட்டுக்குப் போய்ப் பாத்தாத்தான், யாரையாவது போய்க் கேட்டாத்தான் எழுத முடியும்னு இருக்கணும். எழுதிட்டு வந்ததும் எதிர்ல உக்கார வெச்சு, நீ எழுதினதைச் சொல்லுன்னு கேப்போம். அவ்வளவுதான் நான் நினைச்சு வெச்சிருக்கறது."

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பகுதிநேர ஆங்கில ஆசிரியை. "அக்கா, கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு நாலு செக்‌ஷன். ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுக் கேட்டா நான் எப்ப வீட்டுக்குப் போறது? 'என் லட்சியம்'னு ஒரு கட்டுரை குடுத்தேன். இது கலைக் கல்லூரி. அத்தனை பேரும் டாக்டராகப் போறேன்னு எழுதியிருக்காங்க. காப்பின்னு தெரியும். தெரிஞ்சே டிக் அடிச்சேன். என்ன பண்ணச் சொல்றீங்க?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. அதுவரை ஏன் மேடம் யோசித்ததெல்லாம் மாணவர்களைப் பற்றித்தான். இந்தப் பெண் எப்போது சாப்பிடுகிறாள் என்று யோசித்ததில்லை.

"நான் வந்து உக்கார்றேன்" என்றார் கடைசியில். "எனக்கு ஃப்ரீ பீரியட் இருக்கு. ஆளுக்குப் பாதிப் பசங்க. எனக்கு உன் அளவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனா எழுதினவனா எழுதாதவனான்னு கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் போதும்."

மைக் சாரும் ஒரு பீரியட் தருவதாகச் சொன்னார். கமிட்டி சார் தேநீரை முடித்துவிட்டு எழுந்து போனார்.

பழைய மாடிப்படிக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்த ஓர் அறை இருந்தது. அதை ஒழித்து, இரண்டு மேசை போட்டார்கள். பகுதிநேர ஆசிரியை 'என் லட்சியம்' என்பதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் ஒருவர் செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் போனது என்ன என்று கேட்டாள். வந்த கட்டுரைகளில் இலக்கணம் தாறுமாறாக இருந்தது. ஒன்றுபோல ஒன்று இல்லை. அம்மா மோட்டார் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டதைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தாள். அதைச் சொல்லச் சொன்னபோது, ஆங்கிலத்தில் தடுக்கித் தடுக்கி விழுந்து எழுந்து, கடைசியில் அம்மா ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்த தெருவைக் கையால் வரைந்தே காட்டிவிட்டாள். பகுதிநேர ஆசிரியை அன்று முதன்முதலாகத் திருத்தும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

இப்படி ஒவ்வொருவராகச் சேர ஆரம்பித்தார்கள். புவியியல் துறையிலிருந்து ஒருவர் வந்தார். நூலகர் வந்தார். எல்லாம் நன்றாகப் போகிறது என்று ஏன் மேடம் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஆசிரியர் அறையில் கமிட்டி சார் அந்தக் காரியத்தைச் செய்தார்.

எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு புராஜெக்ட் அறிக்கையைக் கொண்டுவந்து ஏன் மேடத்தின் மேசையில் வைத்தார். நீல அட்டை, தங்க எழுத்து. முதுகில் ஒட்டிய பைண்டிங் துணியின் ஓரத்தில் கடையின் முத்திரை.

"மேடம், இது எந்தக் கடை பைண்டிங்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. போன வருஷப் புராஜெக்ட்டை எடுத்துப் பேரை மட்டும் மாத்திக் குடுக்கறாங்களாம். காலேஜ்ல பாதிப் பேர் அங்கதான் வாங்கறான். நீங்க இங்க உக்காந்து நேர்மை பேசறீங்க, உங்க வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்து வித்துக்கிட்டிருக்கார். நல்ல குடும்பம்."

ஏன் மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. காதுமடல் சுட்டது. கணவர் கடையில் புராஜெக்ட் அச்சடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை. ஊரில் எல்லோரையும் ஏன் ஏன் என்று குடைந்தவர், தன் வீட்டுக் கடையை மட்டும் குடையவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார், பேரை மட்டும் மாத்தறாங்கன்னு?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

அறிக்கையின் முதல் பக்கத்தில் வழிகாட்டி ஆசிரியர் என்ற இடத்தில் கமிட்டி சாரின் கையெழுத்து இருந்தது. அவர் அறிக்கையை எடுத்துக்கொண்டு போனார். கேள்வி அவருக்கு உறைத்ததோ இல்லையோ, அவர் சொன்னது ஏன் மேடத்துக்கு நன்றாகவே உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு நேரே சாலையைக் கடந்தார்.

கடையில் கூட்டம் இல்லை. கணவர் மெஷினைத் திறந்துவைத்துச் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பழைய புராஜெக்ட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கீங்களா?"

"கஸ்டமர் அப்புறம் இன்னொரு காப்பி கேப்பான்னு வெச்சிருக்கறதுதான். ஏன்?"

"பேரை மாத்திக் குடுக்கறீங்களாமே."

கணவர் தாளை இழுப்பதை நிறுத்தவில்லை. "இங்க பாரு, நான் பேப்பருக்குத்தான் காசு வாங்கறேன். பேப்பர்ல என்ன இருக்குன்னு பாக்கறது உங்க வேலை. நீங்க படிச்சுப் பாத்து வேணாம்னு சொன்னா எவன் இங்க வரப்போறான்? நீங்க படிக்கறதே இல்ல. அட்டை நல்லா இருக்கான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடறீங்க. அதனால நான் அட்டையை நல்லாப் போடறேன்."

கம்ப்யூட்டர் முன்னாலிருந்து நாத்தனார் திரும்பினாள். அவளுக்குத் தன் வேலையைக் குறைத்துச் சொன்னது பிடிக்கவில்லை. "பேரு மட்டும் இல்ல அண்ணி. நன்றியுரையில அவங்க அப்பா அம்மா பேரு, சாரு பேரு, வருஷம், எல்லாம் தேடித் தேடி மாத்தணும். கண்ணே போயிடும்."

"எல்லாத்தையும் அழிச்சிடு."

"அழிச்சிடறதா?" கணவர் நிமிர்ந்தார். "பரீட்சை சீசன் வருது. உன் குழுவுக்காக நான் கடையை இழுத்து மூடணுமா? போ, போய் உங்க ஆளுங்களைத் திருத்து."

"திருத்தத்தான் போறேன். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற ஒண்ணுகூட எவனுக்கும் உதவாம பண்ணிடறேன், பாருங்க."

"பண்ணு பண்ணு" என்றார் கணவர். அன்று வீடு திரும்பும்போது மூவரும் ஒன்றாக வரவில்லை.

சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்கிற வெறி அவருக்கு அதன் பிறகு கூடியது. மறுநாள் அந்த மாடிப்படி அறையில் கூடியவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. "கமிட்டி சார் சொன்னது நிஜம். எங்க கடையிலதான் விக்கறாங்க. அதனால நான் வாயை மூடிக்குவேன்னு அவர் நினைக்கறார். மூட மாட்டேன். இறுதியாண்டு வாய்மொழித் தேர்வுல வேற துறை ஆசிரியர் ஒருத்தர் உக்காரணும்னு விதியே இருக்கு. இத்தனை நாள் பேருக்கு உக்காந்தோம். இந்தத் தடவை கேப்போம். சொல்லத் தெரியாதவனுக்குக் கையெழுத்து இல்ல."

"பிரச்சினை வரும் மேடம்" என்றார் மைக் சார்.

"வரட்டும் சார். வந்தாத்தான் அது பிரச்சினைன்னு நாலு பேருக்குத் தெரியும்."

வணிகவியல் துறையின் வாய்மொழித் தேர்வில் வெளித்துறை ஆசிரியராக அவரே உட்கார்ந்தார். சோப்பு வாங்குவோரின் திருப்தி பற்றி ஒரு பையன் புராஜெக்ட் கொண்டுவந்திருந்தான். நூறு பேரிடம் கேள்வி கேட்டதாக எழுதியிருந்தது. அந்த நூறு பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்லு என்றார். பையன் விழித்தான். சரி, எங்கே போய்க் கேட்டாய் என்றார். பையன் கமிட்டி சாரைப் பார்த்தான். கமிட்டி சார் கூரையைப் பார்த்தார். ஏன் மேடம் கையெழுத்துப் போடாமல் அறிக்கையை மூடி வைத்தார். அன்று அப்படி மூடப்பட்ட அறிக்கைகள் ஒரு மேசை நிறைய அடுக்கியிருந்தன.

முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்தபோது அவர் அதை எதிர்பார்த்தே இருந்தார். உள்ளே முதல்வர், கமிட்டி சார், தலை குனிந்த சோப்புப் பையன், அவனுக்குப் பக்கத்தில் நீலச் சீருடைச் சட்டையில் ஒரு மனிதர். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து பாதியில் ஓடிவந்திருந்தார் அந்தப் பையனின் அப்பா. நகத்தில் கிரீஸ் இருந்தது. கமிட்டி சார்தான் போன் போட்டு வரவழைத்திருந்தார். அப்பாக்கள் வந்து நாலு சத்தம் போட்டால் பெண்பிள்ளை அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

"என் பையன் மேல உங்களுக்கு என்ன காண்டு மேடம்?" எடுத்த எடுப்பிலேயே அப்பா குரலை உயர்த்தினார். "அவனுக்கு வேலை கிடைச்சாச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. எங்க வீட்டுல முதல் பட்டம் இது. உங்களுக்கு வேணா விளையாட்டா இருக்கலாம்."

"உக்காருங்க ஐயா. உங்க பையன் எழுதினதை நீங்க படிச்சீங்களா?"

"எனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

"முன்னாடி ஒரு பக்கம் இருக்கு, அது புரியும். நன்றியுரை. அதுல அப்பா அம்மாவுக்குத்தான் முதல்ல நன்றி சொல்லுவாங்க."

ஏன் மேடம் அந்தப் பக்கத்தை அப்போது படித்திருக்கவில்லை. பையன் தன் புராஜெக்ட்டை வைத்து அப்பாவிடம் எதையும் சொல்லத் தெரியாமல் நிற்கிறானே, நன்றி சொன்ன பக்கத்தையாவது அவர் படிக்கட்டும் என்றுதான் கொடுத்தார். அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விரல் கறை படாமல் ஓரத்தைப் பிடித்து வாசித்தார். உதடு அசைந்தது. தன் பெயரைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. முதல் வரிக்குப் போய் மறுபடி வாசித்தார்.

"மறைந்த என் தந்தையின் நினைவுக்கு" என்று மெதுவாகச் சொன்னார். கீழே அவர் பெயர்தான் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகனைப் பார்த்தார். "நான் எப்படா செத்தேன்?"

போன வருஷம் அந்த அறிக்கையை எழுதியவனுக்கு அப்பா இல்லை. பெயர் மாறியிருந்தது, அந்த ஒரு வார்த்தை மாறவில்லை. பையன் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். "படிக்கலப்பா, நான் அதைப் படிக்கவே இல்லப்பா" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னான். அப்பா அவனை அடிக்கவில்லை. அறிக்கையை மூடி மேசையில் வைத்தார்.

நிலைமை தலைகீழானதும் முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு மோசமா? இவனைக் கல்லூரியிலிருந்தே நீக்கிடலாம். மத்தவங்களுக்கு ஒரு பாடமா இருக்கும். சோதனைக் குழுகிட்டயும் நடவடிக்கை எடுத்தோம்னு காட்டலாம்." கமிட்டி சார் வேகமாகத் தலையாட்டினார்.

"மாட்டேன்" என்றார் ஏன் மேடம்.

"என்ன மாட்டேன்?"

"இவனை நீக்க நான் ஒத்துக்க மாட்டேன் சார். குழுத் தலைவர் நான், என் கையெழுத்து வேணும். இது எங்க கடையில அச்சானது. என் நாத்தனார் பேரை மாத்தினா. என் வீட்டுக்காரர் பைண்டிங் போட்டார். இந்த சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். போன வருஷமும் இந்தத் துறைப் புராஜெக்ட்டுக்கெல்லாம் இதே சார்தான் கையெழுத்துப் போட்டார். இத்தனை பேர் சேர்ந்து பண்ணின காரியத்துக்கு இவன் ஒருத்தனை மட்டும் வெளிய அனுப்புவீங்களா? அனுப்பறதா இருந்தா எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு அனுப்புங்க. நான் முதல்ல நிக்கறேன்."

"மேடம், அளவு மீறிப் பேசறீங்க."

"ஆமா சார், மீறித்தான் பேசறேன். இவனுக்கு வரப்போற விடுமுறை முடியற வரைக்கும் டைம் குடுங்க. புதுசா எழுதட்டும். எழுதினதைச் சொல்லட்டும். அவனுக்கு மட்டும் இல்ல, அந்த மேசையில அடுக்கியிருக்கற எல்லாருக்கும்."

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். வந்தபோது உயர்த்திய குரலை இப்போது எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல முதல்வரைப் பார்த்தார். "எழுதட்டும் சார். வேலை கொஞ்சம் தள்ளிப்போனா போகட்டும். நான் உயிரோட இருக்கேன்னு எழுதட்டும்."

முதல்வர் வேறு வழியின்றி ஒத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வாரமே நேர்மைக் குழு மாற்றி அமைக்கப்பட்டது. தலைவர் பதவி கமிட்டி சாருக்குப் போயிற்று. புதிய உறுதிமொழி ஒன்று தயாரானது. வந்த சோதனைக் குழு அதைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனது. சான்றிதழ் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டப்பட்டது. ஏன் மேடத்துக்குப் பிடித்த காலை வகுப்புகளையெல்லாம் பிடுங்கி, எல்லோரும் தூங்கி வழியும் மதிய வகுப்புகளாகக் கொடுத்தார்கள். அவர் அதற்கும் ஏன் என்று எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை.

முதல்வர் அறையில் நடந்ததை அன்றிரவே வீட்டில் சொன்னபோது கணவர் கேட்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாத்தனார்தான் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"அந்த வார்த்தையை நான்தான் விட்டுட்டேன். பேரு, வருஷம் எல்லாம் பாத்தேன். அதைப் பாக்கல. அந்த மனுஷன் அவர் கையாலயே எடுத்துப் படிச்சாரா?"

"படிச்சார்."

"நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன் அண்ணி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு ஏன் மேடத்துக்குத் திட்டத் தோன்றவில்லை. மறுநாள் கடைக்குப் போனதும் நாத்தனார் அண்ணனைக் கேட்காமலேயே அந்தப் புராஜெக்ட்டுகளைத் தட்டித் தட்டி அழித்தாள். கணவர் அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. அழித்தது தங்கை என்றாலும் கோபம் மனைவி மேல்தான். கல்யாண அழைப்பிதழ், கடை விளம்பரம் என்று வேறு வேலைகளைத் தேடிப் பிடித்தார். கடை படுத்துவிடவில்லை, முன்புபோல ஓடவும் இல்லை. அந்தப் பேச்சு எப்போது வந்தாலும், "நீங்கதான் படிக்காம கையெழுத்துப் போட்டீங்க" என்று அவர் ஆரம்பிப்பார். "நாங்க திருந்திட்டோம், உங்க பக்கம் சொல்லுங்க" என்று ஏன் மேடம் முடிப்பார். முடிந்ததாக இருவரும் ஒத்துக்கொண்டதில்லை.

சோப்புப் பையன் அப்பாவோடு விடுமுறை முழுக்கக் கட்டடம் கட்டடமாகச் சுற்றினான். லிஃப்டைப் பராமரிக்கக் குடித்தனக்காரர்கள் ஏன் பணம் தர மறுக்கிறார்கள், அது கெட்டுப்போன பிறகு எவ்வளவு செலவாகிறது என்று எழுதிக்கொண்டு வந்தான். எழுத்துப்பிழை ஏராளம். அட்டைகூட இல்லை, ஓட்டை போட்டு நூலால் கட்டியிருந்தான். கேட்கக் கேட்கப் பேசினான். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் லிஃப்டே ஏறாதபோது அவர்கள் ஏன் தர வேண்டும் என்று ஏன் மேடம் குறுக்கே கேட்டபோது, "அதைத்தான் மேடம் நானும் அப்பாவும் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்" என்றான். ஏன் மேடம் கையெழுத்துப் போட்டார். சுமாரான மதிப்பெண்தான். அதற்கே அவன் குதித்துக்கொண்டு போனான்.

நேர்மைக் குழு அதன் பிறகு ஒருமுறைகூடக் கூடவில்லை. மாடிப்படி அறையில் ஆசிரியர்கள் கூடுவதற்கு அனுமதி இல்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அறைக்குப் பூட்டும் வந்தது. இடம் ஒரு பொருட்டா என்று பகுதிநேர ஆசிரியை இரண்டு நாற்காலிகளை வராந்தாவில் இழுத்துப் போட்டாள். மைக் சார் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். புவியியல்காரர் வகுப்பு முடிந்த கையோடு வருவார். யார் கேள்வி எது, யார் மாணவர் எவர் என்ற கணக்கெல்லாம் போய், கையில் நேரம் இருப்பவர் உட்கார்ந்து கேட்பது என்று ஆகிவிட்டது.

ஒருநாள் முதல்வர் அந்த வழியாக வந்தார். நாற்காலிகளையும் சுற்றி நின்றவர்களையும் பார்த்துவிட்டு நின்றார்.

"யார் அனுமதி குடுத்தது?"

தன் தெருவில் மூடிப்போன கடைகளைப் பற்றி ஒரு மாணவி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பயந்து பேச்சை நிறுத்தினாள். ஏன் மேடம் எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரும் குடுக்கல சார். உக்காருங்க, இவ நல்லா சொல்றா." பிறகு மாணவியிடம் திரும்பினார். "நீ நிறுத்தாதம்மா. அந்தத் தையல் கடையை ஏன் மூடினாங்க?"